நாட்டு நடப்புக்குப் பத்து மதிப்பெண்

அந்துருண்டை வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடும். துணிக்கடையில் பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டும்போதோ, போன இடத்தில் பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியை அன்பாகப் போர்த்திவிடும்போதோ அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், எதிரே இருப்பவர் என்ன பாவம் செய்தார் என்றுகூடப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொடைக்கானலில் நான் படித்த பெண்கள் பள்ளியின் நாடகப் பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசனை அது. உள்ளே ஜிகினா ஒட்டிய இரண்டு உடைகள், ஒரு அட்டை வாள், தேங்காய் எண்ணெயில் குழைத்த ரோஸ் பவுடர் ஒட்டிக் காய்ந்துபோன ஒரு கிண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே வருஷம் முழுக்க மலை ஈரத்தில் ஊறிக் கிடந்த துணியின் பூஞ்சை வாடை. அந்தப் பெட்டியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு பேர் எழுந்து வருவார்கள், காதலிப்பார்கள், செத்துப்போவார்கள். வீரமல்லன் என்று ஒருத்தன், பொன்னரசி என்று ஒருத்தி. அந்த இருவரையும் எனக்கு எட்டு வயதிலிருந்தே பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

அந்த நாடகத்தை யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்து ஆடிய குழு ஒன்று விட்டுச் சென்றது என்பார்கள். பழுப்பேறிய நீள நோட்டு ஒன்றில் வசனம் முழுவதையும் எழுதி வைத்திருந்தார்கள். "சோக நாடகம்" என்றால் எங்கள் ஊரில் அது ஒன்றுதான். ஒரு ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பாளையம், அந்தக் கரையில் ஒரு பாளையம், இரண்டுக்கும் தண்ணீர்த் தகராறு. இந்தக் கரை மகனுக்கும் அந்தக் கரை மகளுக்கும் திருவிழாக் கூட்டத்தில் பார்த்த மாத்திரத்தில் காதல். இரு பக்கமும் பேசிச் சம்மதம் வாங்கித் தருவதாகக் கோயில் பூசாரி வாக்குக் கொடுத்து, மூன்று நாள் மட்டும் பொறுத்திரு, குகையை விட்டு வெளியே வராதே என்று வீரமல்லனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாம் நாள் அந்தக் கரையில் சாவுமேளம் கேட்கிறது. செத்தது யானை மேய்த்த ஒரு கிழவன். வீரமல்லனோ செத்தது பொன்னரசிதான் என்று தானே முடிவுகட்டி, வாளை உருவிக்கொண்டு எதிரிக் கோட்டை வாசலுக்கு ஓடி, காவல்காரர்களிடம் வெட்டுப்பட்டு விழுகிறான். சேதி கேட்ட பொன்னரசி, பூசாரி சம்மத ஓலையோடு பின்னாலேயே ஓடி வருவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். திரை விழும். கூட்டத்திலிருக்கும் பெண்கள் ஸ்வெட்டர்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

எனக்கு மட்டும் அழுகை வராது, பற்றிக்கொண்டு வரும். மேளச் சத்தம் கேட்டால் "யாருங்க செத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா இந்த மடையன்? நாடகத்தில் குகை வாசலில் ஆடு மேய்க்கிற இருவர் பேசிக்கொண்டே போவார்கள். அவர்களை நிறுத்திக் கேட்க என்ன கேடு? காத்திருக்கச் சொன்னது மூன்றே நாள், இவன் தாங்கியது ஒன்றரை நாள். அவளாவது ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தாளா? இவர்கள் இருவரும் செத்ததற்கு ஆற்றையும் கோட்டையையும் பெரியவர்களையும் விதியையும் திட்டிக்கொண்டு ஒரு ஊரே மூக்கைச் சிந்துவதைப் பார்க்கச் சகிக்காமல், விரிப்பின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

நாடகம் சனிக்கிழமை என்றால் அடுத்த திங்கட்கிழமை மதியம் "வழக்கு" நடக்கும். இது எங்கள் பள்ளியில் மட்டும் இருந்த வழக்கம் என்றே நினைக்கிறேன். வீரமல்லனாகவும் பொன்னரசியாகவும் நடித்த பெண்கள் அதே உடையில், அரைகுறையாகக் கலைந்த மீசையும் மையுமாக, மேடையில் போட்ட ஒரு பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். அவர்கள் மேல் கொலைக் குற்றம் போல ஒரு குற்றம் சாட்டப்படும்: தங்கள் சாவுக்குத் தாங்களே பொறுப்பா, இல்லையா? எட்டாம் வகுப்பிலிருந்து ஒருத்தி குற்றம் சாட்டுவாள், இன்னொருத்தி காப்பாற்றுவாள், தமிழய்யா நடுவர். பெஞ்சில் நிற்கும் இருவரும் செத்தவர்கள் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது. சிரித்தால்கூட மதிப்பெண் குறையும். பேச்சுக்கு நாற்பது மதிப்பெண், அதில் "நாட்டு நடப்பு" என்று தனியாகப் பத்து. அதாவது பழைய கதையை நம் காலத்தோடு ஒட்டிக் காட்ட, ஊரில் கண்ணால் கண்ட ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். "ஏட்டுல இருக்கிறத எல்லாக் கழுதையும் ஒப்பிக்கும் புள்ளைகளா. ஊருக்குள்ள கண்ணத் தொறந்து பாத்துட்டு வாங்க" என்பார் தமிழய்யா. நல்ல மனுஷர்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஊரை வேவு பார்க்க அனுப்புகிறோம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

முதல் பரிசு ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. நல்ல கனம், விளிம்பில் பரிசு பெற்றவளின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அக்கா தனலட்சுமிக்குத்தான் எல்லாமே புதிது, எனக்கு அவள் போட்டுக் கழித்தது. ஸ்வெட்டர், சீருடை, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாமே அப்படி. என் பெயர் வெட்டிய ஒரு சாமான் இந்த உலகத்தில் இருக்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. எட்டாம் வகுப்பில் குற்றம் சாட்டும் பக்கம் எனக்குக் கிடைத்தபோது, அந்தத் தட்டை வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். கிடைத்திராவிட்டால் சண்டை போட்டு வாங்கியிருப்பேன்.

அப்பாவுக்குப் பஜாரில் மலைப்பூண்டு மண்டி. மேல்மலை ஊர்களிலிருந்து வரும் பூண்டை வாங்கி வத்தலக்குண்டுக்கும் மதுரைக்கும் ஏற்றிவிடுவார். வீட்டில் எங்கே தொட்டாலும் பூண்டு நெடி. அக்கா மட்டும் எப்படியோ அதிலிருந்து தப்பித்து சோப்பு வாசனையோடு இருப்பாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் டைப் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வழக்குக்கு முந்தைய வியாழக்கிழமை, பள்ளி விட்டு நாட்டு நடப்பைத் தேடிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கமாக வந்த என் கண்ணில் அக்காதான் பட்டாள். டைப் கிளாஸ் நடக்கிற நேரம். பேக்கரியின் பக்கவாட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள், வெள்ளைப் பொத்தான் வைத்த பச்சை ஸ்வெட்டரில். எதிரே சந்திரன். அவனை எனக்குத் தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து திரும்பி வந்து பேத்துப்பாறைப் பக்கம் குடியிருந்த குடும்பத்துப் பையன், நாற்றுப் பண்ணை ஒன்றில் கணக்கெழுதும் வேலை, அதே டைப் கிளாஸ். அவன் ஒரு துணிப்பையை அக்காவிடம் நீட்டினான். அக்கா இங்கும் அங்கும் பார்த்துவிட்டு வாங்கி, ஸ்வெட்டருக்குள் மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டாள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? பை என்றால் துணிமணி, துணிமணி என்றால் ஓடிப்போவது. செத்தது யார் என்று கேளாமல் வாளை உருவியவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நான், பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அக்காவும் நானும் ஒரே பாயில் ஒரே கம்பளிக்குள் படுப்பவர்கள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள் அவள் கால் சூட்டில் என் காலை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் "சும்மா இருடி" என்று சொல்லிவிடுவாளே, அப்புறம் மேடையில் சொல்ல முடியாதே என்று பயந்தேன். அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்குத் தட்டு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மதியமே மூடுபனி பள்ளியின் கூடத்துக்குள் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் பனி, திறந்தே வைத்தார்கள். பெஞ்சின் மேல் வீரமல்லனும் பொன்னரசியும் குளிரில் பல் தந்தியடிக்க நின்றார்கள். பெற்றோர் பக்கம் மூன்றாவது வரிசையில் அம்மா, பக்கத்தில் அக்கா. தங்கச்சி பேசுகிறாளே என்று டைப் கிளாஸ் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். நான் மேடையேறியதும் அவள்தான் முதலில் கை தட்டினாள். பச்சை ஸ்வெட்டரில்தான் வந்திருந்தாள், அவளிடம் நல்லதாக இருந்தது அது ஒன்றுதான்.

நான் நன்றாகப் பேசினேன். இதைத் தன்னடக்கத்துக்காக மறைக்கப்போவதில்லை. விதி வந்து வாளை எடுத்துக் கையில் கொடுத்ததா, தகப்பன் வந்து ஆற்றில் தள்ளினானா என்று கேட்டேன். காதலிக்கத் தெரிந்த இருவருக்குக் காத்திருக்கத் தெரியவில்லை என்றால் அது யார் குற்றம் என்று கேட்டேன். பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டி, "சாவுமேளம் கேட்டதும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்டீர்களா?" என்றபோது, பொன்னரசியாக நின்ற பெண் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் கை தட்டியது. வாழ்நாளில் எனக்காக நாலு பேர் சேர்ந்து கை தட்டுவது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

பிறகு நாட்டு நடப்பு. "பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஊரிலும் பொன்னரசிகள் இருக்கிறார்கள். டைப் கிளாஸுக்குப் போகிறேன் என்று பெற்ற தாயிடம் பொய் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பேக்கரி ஓரமாக நின்று, பேத்துப்பாறையிலிருந்து வருகிற வீரமல்லனிடம் பை வாங்கி ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொள்கிற பொன்னரசிகள் இருக்கிறார்கள்" என்றேன். பெயர் சொல்லவில்லை, அதை ஒரு நாகரிகம் என்று நினைத்திருந்தேன். பேத்துப்பாறை என்றதுமே டைப் கிளாஸ் தோழிகள் இருவரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசை திரும்பியது. அந்த வரிசையைப் பார்த்து எல்லா வரிசையும் திரும்பியது. அக்கா ஸ்வெட்டரின் முதல் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டாள்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்துவிட்டது, மேடையிலிருந்து எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது, அது என் பேச்சால் எழுந்தது, அந்த ருசியை விட எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்றும் பக்கத்துப் பெண், பாவம், "பதினாறு வயசு, அறியாத வயசு, மன்னித்துவிடலாம்" என்று ஏதோ மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்ததும், பதில் சொல்ல எழுந்தேன். "வயது குறைவு என்பது மன்னிப்புச் சீட்டு ஆகாது. வாளை எடுக்கத் தெரிந்த கைக்கு உரிய வயது, வாயைத் திறந்து கேட்கவும் உரிய வயதுதான்" என்று ஒரு போடு போட்டேன். தமிழய்யாவே மேஜையைத் தட்டிவிட்டார். குற்றவாளிகள் என்று தீர்ப்பு. நாட்டு நடப்புக்குப் பத்துக்குப் பத்து. தட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது.

பஜாரில் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. நான் தட்டோடு மண்டியைத் தாண்டும்போது எதிர்க் காய்கறிக் கடைக்காரர் அப்பாவிடம், "என்னண்ணே, ஒங்க சின்னது பள்ளிக்கூடத்துல வெளுத்து வாங்கிருச்சாமே. பெருசு டைப் கிளாஸ் ஒழுங்காப் போகுதாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாலு சுமைகாரர்களும் சிரித்தார்கள். அப்பாவின் முகத்தை அன்றைக்கு நான் பார்த்த மாதிரி எவரும் பார்க்கக் கூடாது. மண்டியின் பலகைக் கதவைப் பொழுது சாயுமுன்பே சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. பையை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். உள்ளே ஒரு ஜாதகம், நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பதற்கான சான்றிதழின் நகல், சந்திரனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். துணி ஒரு முழம்கூட இல்லை. "என்னடி இது?" என்றார். "பாக்கணும்னு கேட்டாங்க, அதான் வாங்கினேன்" என்றாள் அக்கா. யார் கேட்டது என்று அப்பா எத்தனை தடவை கத்தியும் அவள் சொல்லவில்லை. அம்மா அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா ஜாதகத்தை மட்டும் எடுத்துக் கணப்புச் சட்டியில் போட்டார்; மற்றதெல்லாம் ஜெராக்ஸ், எரித்துப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு என் பக்கம் திரும்பித் தலையைத் தடவி, "எனக்குப் பொறந்தவ நீ ஒருத்திதான் புள்ள. உண்மையத் தைரியமாச் சொல்லிட்ட" என்றார். மறுநாள் எனக்கு ஜாம் பன் வாங்கி வந்தார். நான் தின்றேன்.

ஜாதகத்தைக் கேட்டது அம்மாதான். அன்றைக்கே அப்பா வெளியே போனதும், என்னை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லிட்டுத்தான்டி போனா. நாந்தான் சாதகத்த வாங்கியாரச் சொன்னேன். வர்ற வெள்ளிக்கிழம வளர்பிறை. ஒங்க மாமன் வத்தலக்குண்டுலருந்து வெள்ளனே வந்து ஒங்கப்பாகிட்டப் பேசுறதா இருந்துச்சு. மாமன் வாய் தொறந்து கேட்டா மனுசன் தட்ட மாட்டாருன்னு அந்தப் புள்ளதான் ரோசன சொன்னா. ஒரு மாசமா ரெண்டு பேரும் பேசிக்கக்கூட இல்ல. எல்லாம் மொறையாத்தான்டி நடந்துச்சு." எங்கள் பக்கம் தாய்மாமன் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் வந்து உட்கார்ந்து ஒரு பெண்ணுக்காகக் கேட்டால், பெற்றவன் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டான். குறைந்தபட்சம் ஆற அமர யோசிப்பான். அப்படி ஒருவர் வந்து கேட்கும்வரை விஷயம் வெளியே வரக் கூடாது, வந்துவிட்டால் அது மானப் பிரச்சினை, மாமனும் வாய் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு நான்கே நாள் இருந்தது. சோக நாடகத்தில் வீரமல்லன் செய்யாததை எல்லாம் இவர்கள் செய்திருந்தார்கள்: பெரியவர்களிடம் சொன்னார்கள், ஆள் விட்டார்கள், பொறுத்திருந்தார்கள். பொறுக்காதவள் நான் ஒருத்திதான்.

மாமா வரவில்லை. அம்மாவும் தனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை; சொன்னால் ஆத்தாளும் மகளும் கூட்டு என்று ஆகிவிடும். அதற்காக அம்மாவையும் நான் மன்னித்ததில்லை. புதன்கிழமை காலையில் சந்திரன் தானாகவே மண்டிக்கு வந்தான். நான் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரி, கையில் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தான். "ஐயா, நாங்க ஒளிச்சு மறைச்சு ஒண்டும் செய்யல்லீங்க. மொறையாக் கேக்கத்தான் இருந்தோம். எங்கப்பாவும் வாறேன்னாரு" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "லயத்துல கெடந்தவனுக்கு எங்க வீட்டு வாசல் கேக்குதா?" என்றார் அப்பா. சுமைகாரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். பூண்டுக் குவியல் மேல் விழுந்து எழுந்தான். சரிந்து உருண்ட பூண்டுகளைக் குனிந்து பொறுக்கி மறுபடி குவியல் மேல் வைத்துவிட்டு நடந்தான். அந்த வாரக் கடைசியில் பண்ணைக்காரரும் அவனை நிறுத்திவிட்டார். பஜாரில் பகைத்துக்கொண்டு அவர் பிழைப்பு நடத்த முடியாது. திருப்பூருக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நாடகம் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா, அடுத்த காட்சி என்ன என்று எனக்கு மனப்பாடம். அக்கா கிணற்றடிக்குப் போனால் பின்னால் போவேன், கதவைச் சாத்தினால் தட்டுவேன். ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னடி, ஆத்துல எறங்கிருவேன்னு பாக்குறியா? நான் அந்த நாடகக்காரி இல்ல. எனக்கு ஆயிரஞ் சோலி கெடக்கு. அந்த வாளிய இங்கிட்டு எடு" என்றாள். நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன். சோப்புத் தண்ணீரைப் பிழிந்துகொண்டே, என்னைப் பாராமல், "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடி" என்றாள். நான் மேடையில் சொன்ன அதே வரி என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை.

இரண்டே மாதத்தில் பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். சீர்ப் பாத்திரம் ஒற்றைப்படையில் வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் தட்டு இருபது இருந்தது. அப்பா உள்ளே போய், என் பரிசுத் தட்டை எடுத்து வந்து மேலே வைத்து, "இதுவும் நல்ல கனமான தட்டுதான்" என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். அத்தான் கெட்டவர் இல்லை, நல்லவர் என்றும் சொல்ல முடியாது. வாழைப்பழ விலையைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்கா இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கல்லாவில் உட்கார்ந்து, கிருத்திகைக் கூட்டத்தில் நின்றபடியே தின்று, முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள். யாரும் சாகவில்லை. அதனால்தான் இதை எவரும் நாடகம் போடவில்லை, எவர் மேலும் வழக்கும் நடக்கவில்லை.

என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, அவள் உயரத்தையும் அவள் விரல்களையும் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பெண்ணாகவா நான் அப்போது இருந்தேன் என்று எனக்கே பரிதாபம் வந்து, பழனிக்குப் போய் அக்காவிடம் அழுதேன். "எனக்கு அப்பப் பதிமூணு வயசுதானேக்கா" என்றேன். அக்கா சர்க்கரை மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "வயசு கொறைவுங்கிறது மன்னிப்புச் சீட்டு ஆகாதுன்னு நீதானே சொன்ன? எல்லாரும் நல்லாத் தட்டுனாங்களே. வாத்தியார்கூட மேசையத் தட்டுனாரு" என்றாள். அத்தனை வருஷமாக ஒரு சொல் பிசகாமல் வைத்திருந்திருக்கிறாள்.

வீரமல்லனும் பொன்னரசியும் குற்றவாளிகள் என்ற என் தீர்ப்பை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வாய் இருந்தது, கேட்கவில்லை. கால் இருந்தது, நிற்கவில்லை. சின்னஞ்சிறுசுகள் என்று யாராவது பரிந்து பேசினால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தப் பெஞ்சில் இன்னொருத்திக்கும் இடம் இருந்தது. அவள் வாயைத் திறக்கத் தெரிந்தவள், கேட்கத்தான் தெரியாதவள்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் தங்கும் விடுதி, நாடகம் நடந்த கூடத்தில் சாப்பாட்டு மேஜைகள். டைப் கிளாஸ் இருந்த மாடியில் சாக்லேட் விற்கிறார்கள். பேக்கரிச் சுவர் இடிந்து சாலை அகலமாகிவிட்டது. நாடகப் பெட்டியை யார் எடுத்துப் போனார்கள் என்று விடுதிக்காரரைக் கேட்டேன். அப்படி ஒரு பெட்டியே அவருக்குத் தெரியாது. இறங்கும்போது பழனி வழியாக இறங்கினேன், அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள் வீட்டில் விருந்தாளிகளுக்கெல்லாம் வாழை இலை. எனக்கு மட்டும், கல்யாணமான நாளிலிருந்து, அந்தத் தட்டு. ஒரு தடவைகூட மாறியதில்லை. நானும் ஒரு தடவைகூட இலை கேட்டதில்லை.

சோறு வைக்குமுன் விளிம்பை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தேன். முப்பது வருஷத்துச் சாம்பலும் நாரும் தேய்த்ததில் புள்ளி எழுத்துகள் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தன. என் பெயரும் இல்லை, முதல் பரிசும் இல்லை, வெறும் பளபளப்பு. "எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சேக்கா" என்றேன். என் குரலில் கொஞ்சம் ஆசை இருந்திருக்க வேண்டும். அக்கா குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுத்துதான போயிருக்கு. எனக்குத் தட்டு தெரியும்" என்றாள். "வெரசா சாப்பிடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."